சந்தனம் மறைத்த இரண்டு இலக்கங்கள்

1. மூன்றாம் லேன்

"பெரியவரே, கடைசி ரெண்டு நம்பர் எங்க?"

வாகனப் பரிசோதனை நிலையத்தின் மூன்றாம் லேனில், பானட்டுக்குள் தலையை விட்டபடி அதிகாரி ஜமால் இப்படிக் கேட்டார். அவர் பிடித்திருந்த டார்ச் விளக்கின் ஒளி, எஞ்சினுக்குப் பின்னால் நிற்கும் இரும்புச் சுவரின் நடுவில் விழுந்தது. காரை, எங்கள் ஊர் வழக்கில் காடியை, கட்டிய நாளில் தொழிற்சாலையில் அடித்த சேசிஸ் நம்பர் அங்கேதான் இருக்கவேண்டும். முதல் இலக்கங்கள் தெளிவாக இருந்தன. கடைசி இரண்டு இருக்கவேண்டிய இடத்தில் அம்மைத் தழும்பு போன்ற குழிகளே இருந்தன. அவற்றைச் சுற்றி இரும்பு புதிதாகப் பளபளத்தது.

அந்தப் பளபளப்பு என் கைவேலை. மூன்று நாள்களுக்கு முன் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்திருந்தேன்.

"துரு பிடிச்சிருக்கு தம்பி," என்றேன்.

"துரு எனக்குத் தெரியுது. பக்கத்துல புதுசா தேய்ச்ச கோடும் தெரியுது. நம்பர் மேல யாரு கை வச்சா?"

பினாங்குத் தீவின் சுங்கை பினாங்கில் ஒரே பட்டறையில் முப்பத்தொரு ஆண்டுகள் எஞ்சின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எத்தனையோ காடிகளை இதே லேன்களில் நிறுத்தியிருக்கிறேன். நம்பருக்காக மடக்கப்பட்டது அன்றுதான். இத்தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என் பிழையிலிருந்து ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன்.

2. எண்சீரில் ஒரு சீர்

அந்தக் காடி வள்ளியம்மை ஆச்சிக்குச் சொந்தமானது. ஆஸ்திரேலியாவில் கட்டிய நான்கு கதவு வாகனம். பார்வைக்குக் குடும்பக் காடி. உள்ளே இருப்பதோ எட்டு சிலிண்டர் வி-எய்ட் எஞ்சின். இக்காலத்தவர் மசில் கார் என்பது இந்த வகையைத்தான். பட்டர்வொர்த் விமானத் தளத்தில் வேலை பார்த்த ஓர் ஆஸ்திரேலியர், ஊர் திரும்பும்போது இதை விற்றுவிட்டுப் போனார். வாங்கியவர் ஆச்சியின் கணவர். அவருக்கு ஓட்டத் தெரியாது. மனைவி பெயரிலேயே பதிவு செய்து, மனைவியே ஓட்ட, பக்கத்தில் கம்பீரமாக அமர்ந்து வருவார். அவர் மறைந்த பிறகும் ஆச்சி வெள்ளிக்கிழமைதோறும் அதில்தான் கோயிலுக்குப் போனார். கடைசி ஐந்து ஆண்டுகளாகக் கண்பார்வை மங்கி, வாரம் ஒருமுறை எஞ்சினை மட்டும் ஓடவிட்டு நிறுத்திவிடுவார்.

பெர்த்தில் இருக்கும் மகளோடு போய்த் தங்குவதென்று ஆச்சி முடிவு செய்தபோது, காடியைக் கேட்டு வந்தவர் குணசேகரன். பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்; ஐம்பது வயதை எட்டியவர்.

"இருபத்தெட்டு வருஷமா இரும்பத் தூக்கிக்கிட்டே இருக்கேண்ணே. ஒரு இரும்பாவது என்னத் தூக்கிக்கிட்டு ஓடட்டும்லா," என்று சொல்லி, வாங்குவதற்கு முன் பார்த்துச் சொல்ல என்னை அழைத்துப் போனார்.

அந்தக் காடி எனக்குப் புதிதன்று. நான் வேலையில் இருந்த காலத்தில், ஆண்டுதோறும் ஆயுத பூசைக்கு ஆச்சி அதை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவருவார். ஆனாலும் பழைய பழக்கத்தை நம்பி எந்த வண்டியையும் வாங்கச் சொல்லக்கூடாது. எஞ்சினை ஓடவிடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

சிறு வயது முதல் விடியலில் பண்ணோடு பாடல் ஓதும் வழக்கம் எனக்கு உண்டு. எட்டுச் சீர்களால் ஆன விருத்தத்தில் ஒரு சீர் தளை தட்டினால், பொருள் மனத்தில் ஏறுவதற்கு முன்பே காது சொல்லிவிடும். வி-எய்ட் எஞ்சினும் எனக்கு எண்சீர் விருத்தந்தான். எட்டு சிலிண்டரும் தத்தம் முறையில் வெடித்து வரவேண்டும். அன்று ஏழு வந்தன. ஒன்று விழுந்துவிட்டு மூச்சு வாங்கியது.

"ஒண்ணு பேசல," என்றேன்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆச்சி சிரித்தார். "நாலு வருஷமா அது பேசல. நீங்க எப்பக் கண்டுபிடிப்பீகன்னுதான் உக்காந்திருக்கேன். கண்ணுதான் மங்கிருச்சு, காது இல்ல."

"சொல்லியிருக்கலாமே ஆச்சி," என்றார் குணசேகரன்.

"விக்கிறவ நான். குறையக் கண்டுபிடிக்கத்தான அவரக் கூட்டிட்டு வந்தீக?"

ஐந்தாம் சிலிண்டரின் லிஃப்டர் ஒன்று செத்திருந்தது. வால்வைத் தூக்கவேண்டிய சிறு உருளை அது. உள்ளே எண்ணெய் நிற்காமல் உட்கார்ந்துவிட்டது. பெரிய நோயன்று. அடித்தளம், கதவுத் தூண்கள், சஸ்பென்ஷன் எல்லாம் தட்டிப் பார்த்தேன். எஞ்சின் அறைக்குள் பின்சுவரின் நடுவில் காய்ந்த சந்தனம் அடையாகப் படிந்து கிடந்ததையும் பார்த்தேன். என் கையால் வைத்தது என்று அடையாளம் தெரிந்தது. மனம் நிறைந்தது. அதன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும் எனத் தோன்றவே இல்லை.

"வாங்கலாம்," என்றேன்.

3. பெயர் மாறுமுன் ஸ்பேனர்

குணசேகரனுக்கு முதல் நாளிலேயே ஆசைகள் பெருகின. பெரிய கார்புரேட்டர், கூர்மையான கேம் ஷாஃப்ட், வீதியே திரும்பிப் பார்க்கும் சைலன்ஸர் என்று ஒரு பட்டியலைக் கொண்டுவந்தார். ஓடும் வேகத்தைக் கூட்டுவதற்கு முன் நிற்கும் வேகத்தைக் கூட்டவேண்டும் என்றேன்.

"ஜியார்ஜ் டவுன் ரோட்டுல எங்க ஓட விடுறாங்க? முதல்ல நிக்கப் பழகட்டும்."

"அதுவும் சரிதாண்ணே. சிவப்பு லைட்டுல ஸ்டைலா நிக்கணும்லா."

முன் சக்கரங்களின் டிரம் பிரேக் தேய்ந்திருந்தது. அதே மாடலுக்கு வந்த டிஸ்க் பிரேக்கைத் தேடிப் பிடித்து, உரிய அனுமதி பெற்று மாட்டினோம். ரேடியேட்டரின் குழாய்கள் சுண்ணாம்பு படிந்து அடைத்திருந்தன. நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் தண்ணீர் கொதிக்கும். கூடுதல் வரிசைக் குழாய்கள் கொண்ட புதிய உட்கூடு, கோர் என்பது, வைத்தோம். தீப்பொறி கொடுக்கும் பழைய பாயிண்ட் இருந்த இடத்தில் எலக்ட்ரானிக் இக்னிஷன். புதிய லிஃப்டர்கள். குளிர் எஞ்சினை மறுபடி ஓடவிட்ட காலையில் எட்டுச் சீரும் தளை தட்டாமல் வந்தன. ஆச்சி தொலைபேசியில் கேட்டுவிட்டு, "எட்டு," என்று மட்டும் சொன்னார்.

பிரேக் சரியில்லாமல் பரிசோதனையில் தேறாது என்பதால், பெயர் மாறுவதற்கு முன்பே வேலை தொடங்க ஆச்சி இசைந்திருந்தார். அதுவரை எல்லாம் முறைதான். எஞ்சின் அறையைத் துலக்கிக் கொடுப்போம் என்று நான் கம்பிப் பிரஷை எடுத்ததில்தான் முறை தவறியது. சந்தன அடை எளிதில் பெயரவில்லை. உப்புத்தாளும் போட்டுத் தேய்த்தேன். அடியில் குழிகளைக் கண்டேன். பக்கத்தில் அறைந்திருந்த தகட்டில் முழு நம்பரும் தெளிவாக இருந்ததால், அது போதும் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

தகட்டை யாரும் கழற்றி மாட்டலாம். உடம்பில் அடித்த எண்தான் சாட்சி. முப்பத்தொரு ஆண்டுகள் தெரிந்திருந்த செய்தி, பார்க்கவேண்டிய அன்று நினைவுக்கு வரவில்லை.

4. எலுமிச்சை மூடி

ஜமால் காடியை நிறுத்திவைத்தார். அடையாள எண்ணை ஆராயும் பிரிவுக்கு அனுப்பவேண்டும் என்றார். திருட்டு வண்டி என்றோ, நம்பரை வேண்டுமென்றே அழித்தார்கள் என்றோ முடிவானால், காடி பறிமுதலாகும். பிறகு நசுக்கப்பட்டுப் பழைய இரும்பாகும். ஆச்சி விமானம் ஏற இருபத்தாறு நாள்களே இருந்தன. பெயர் மாற்றத்துக்கு அவர் நேரில் வந்து கைரேகை வைக்கவேண்டும்.

"ஒரு வாரத்துல எழுதிக் குடுங்க. நம்பர் எப்படிப் போச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சத எழுதுங்க. தெரியாதத எழுதாதீங்க," என்றார் ஜமால்.

வெளியே வந்ததும் குணசேகரன் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, ரெண்டே நம்பர். தகட்டப் பாத்து அடிச்சிடலாம்லா? உங்ககிட்டயே பஞ்ச் இருக்குல்ல?"

இருந்தது. எண் அடிக்கும் உளித்தொகுப்பு ஒன்றைப் பட்டறையிலிருந்து விடைபெறும்போது எனக்குக் கொடுத்திருந்தார்கள். அன்று மாலை அதை எடுத்து மேசையில் வைத்துப் பார்த்ததும் உண்மை. உண்மையான எண் இன்னதென்று தகட்டில் தெரிகிறது. அதைத்தானே அடிக்கப்போகிறேன் என்று மனம் வாதாடியது. என் கையால் அடித்தால் எவரும் கண்டுபிடிக்கமாட்டார் என்ற செருக்கும் கூடவே எழுந்தது. அடித்துவிட்டால், வரும் ஆயுத பூசையில் அந்தக் கள்ள எண்ணின் மேல் நான்தானே சந்தனம் வைக்கவேண்டும்? அந்த நினைப்பு கையைப் பின்னுக்கு இழுத்தது. உளிகளை உறையில் இட்டுக் கட்டினேன்.

ஆனால் சந்தனம் என்ற அச்சொல் மனத்தை விட்டுப் போகவில்லை. ஐந்தாண்டு ஓடாமல் நின்ற காடியில் வேறெங்கும் இவ்வளவு ஆழமான துரு இல்லை. மழைநீர் சொட்டும் இடமும் அன்று. பேட்டரி அமிலம் தெறிக்கும் இடமும் அன்று. பின் ஏன் அந்த இரண்டு விரற்கடை அளவு மட்டும் அரிக்கவேண்டும்? தேய்த்த அன்று, துரு எவ்வளவு அகலம் என்று அளக்கக் கட்டைவிரலை வைத்துப் பார்த்ததை நினைத்தேன். குழிகளின் வட்டம் என் கட்டைவிரலுக்குச் சரியாகப் பொருந்தியிருந்தது.

மற்றவர்கள் ஸ்டீயரிங்கிலோ பானட்டின் மேலோ பொட்டு வைப்பார்கள். நான் பானட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னால் அந்தச் சுவரின் நடுவில் வைப்பேன். அதுதான் காடியின் நெற்றி என்பது என் எண்ணம். அங்கே எண்ணெய்ப் பசை இருக்குமாகையால் சந்தனம் ஒட்டாது. எனவே, பாதியாக அரிந்த எலுமிச்சை மூடியால் அந்த இடத்தை அழுத்தித் தேய்ப்பேன். பசை போகும், பிறகு சந்தனம் பிடிக்கும். வைத்த பொட்டைத் துடைப்பது அமங்கலம் என்று அப்படியே விட்டுவிடுவோம். அடுத்த ஆண்டு அதன் ஓரத்தில் மீண்டும் எலுமிச்சை, மேலே மீண்டும் சந்தனம். இருபத்திரண்டு ஆண்டுகள். எலுமிச்சைச் சாறு பெயிண்டைத் தின்றது. மேலிருந்த அடை ஈரத்தை ஆண்டு முழுவதும் தேக்கி வைத்தது.

நம்பரை அழித்த கையை நான் வெளியே தேடவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

5. ஆச்சியின் பெட்டி

ஆச்சியிடம் போய்ச் சொன்னேன். குணசேகரனும் உடன் இருந்தார்.

"தலையெழுத்த யாராலயும் அழிக்க முடியாதும்பாக," என்றார் ஆச்சி. "நீங்க அரை எலுமிச்சம்பழத்துல அழிச்சிட்டீக."

குணசேகரனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நான் எழுதிக் குடுக்கப்போறேன் ஆச்சி. என் கையாலதான் போச்சுன்னு."

"எழுதுனா நம்புவாகளா? எலுமிச்சம்பழம் நம்பரத் தின்னுச்சுன்னா எவன் நம்புவான்?"

அப்படிக் கேட்ட ஆச்சியே, கப்பலில் அனுப்புவதற்காக டேப் ஒட்டிக் கட்டி வைத்திருந்த பெட்டிகளில் ஒன்றைக் காட்டி, "குணா, அத அறுங்க," என்றார்.

உள்ளே ஓர் ஆல்பம் இருந்தது. ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் ஆச்சியின் கணவர் தவறாமல் படம் எடுத்திருக்கிறார். அவருக்குப் பின் ஆச்சி எடுத்திருக்கிறார். எல்லாம் ஒரே நிலையில்: பானட் திறந்த காடி, மாலை, பட்டறை ஆட்கள், நடுவில் நான். முதல் படத்தில் பொட்டு நாணயம் அளவு. சில ஆண்டுகளில் அது வடை அளவு. அதற்குப் பிறகு ஓரங்களில் பழுப்பு நீர் வழிந்த தடம். மூன்றாம் ஆண்டுப் படத்தில், தலை குனிந்து சுவரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கையில் எலுமிச்சை மூடி.

குணசேகரன் அந்தப் படத்தைத் தூக்கிப் பிடித்தார். "அண்ணே, கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்க."

"எல்லாத்தையும் கொண்டு போங்க," என்றார் ஆச்சி. "திருப்பிக் குடுத்துடணும். அதுல எங்க வீட்டுக்காரரு நாலு படத்துலதான் இருக்காரு."

6. அமிலம் காட்டிய எண்

என் கடிதத்தையும் ஆல்பத்தையும் ஜமால் நிதானமாகப் பார்த்தார். அவர் தமிழ் முஸ்லிம்கள் வாழும் சூலியா தெருக்காரர். படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பியவர், எலுமிச்சை மூடியில் வந்து நின்றார்.

"நாங்களும் தர்கா கந்தூரிக்குச் சந்தனம் பூசுற ஆளுங்கதான் பெரியவரே. ஆனா நாங்க கொடிமரத்துக்குப் பூசுவோம். சேசிஸ் நம்பருக்குப் பூசுறதில்ல."

"இனி நானும் பூசமாட்டேன் தம்பி."

"இத எழுதாம இருந்திருந்தா, பக்கத்துல இருக்குற புதுக் கோட்ட வச்சு உங்களத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். இப்பவும் உங்களத்தான் சொல்றோம், ஆனா வேற மாதிரி." கடிதத்தைப் படங்களோடு சேர்த்து ஆய்வுக்கு அனுப்பினார். விண்ணப்பத்தின் மேல் ஆச்சியின் பயண நாளைத் தம் கையால் எழுதினார்.

ஆச்சி புறப்பட ஒன்பது நாள் இருக்கும்போது அழைப்பு வந்தது. ஆய்வு செய்தவர் ஒரு சீனப் பெண் அதிகாரி. என் வயதையும் முகத்தையும் பார்த்துவிட்டு, எட்டி நின்று பார்க்க அனுமதித்தார். குழி விழுந்த இடத்தை மிக மெல்லிய தாளால் கண்ணாடி போல் மெருகேற்றினார். பிறகு பஞ்சில் ஓர் அமிலக் கரைசலைத் தொட்டு, இரும்பின் மேல் மெதுவாகத் தடவினார். துடைத்தார். மீண்டும் தடவினார்.

எண் அடிக்கும் உளி விழும்போது, பள்ளம் மட்டும் உண்டாவதில்லை. பள்ளத்துக்கு அடியில் இருக்கும் இரும்பும் அந்த அடியில் நெரிந்துபோகிறது. மேலே உள்ளதைத் துரு தின்றாலும், அந்த நெரிவு அடியில் நிற்கும். நெரிந்த இரும்பும் நெரியாத இரும்பும் அமிலத்தை ஒரே விதமாக ஏற்பதில்லை. இதை அவர் மலாய் மொழியில் சுருக்கமாகச் சொன்னார். இத்தனை காலம் இரும்போடு வாழ்ந்தும் இதை நான் அறிந்ததில்லை.

நாலாம் முறை தடவியபோது ஒரு நிழல் எழுந்தது. வளைவு ஒன்று. அதற்குக் கீழே இன்னொரு வளைவு. எட்டா, மூன்றா என்று தெரியவில்லை. என்னை அறியாமல் வாய் பதிகம் ஒன்றை முணுமுணுத்தது. அதிகாரி திரும்பிப் பார்த்தார், நிறுத்தச் சொல்லவில்லை.

எட்டு. அதை அடுத்து, ஒன்று என்ற இலக்கம்.

தகட்டில் இருந்தவையும் அவையே.

7. கழிப்பதும் பூசைதான்

ஆச்சி புறப்பட இரண்டு நாள் முன்னதாகப் பெயர் மாறியது. கைரேகை வைத்த விரலைத் துடைத்துக்கொண்டே, "நம்பரு இருக்குல்ல? அப்பச் சரி," என்றார். குணசேகரன் அவரைத் தம் காடியில் ஏற்றி ஒரு சுற்று அழைத்துப் போனார். சிவப்பு விளக்கில் ஸ்டைலாக நின்றார்களாம்.

இளையவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். பழைய காடியை வாங்கும்போது எண்ணை முதலில் பாருங்கள். எஞ்சினின் இசை அதற்குப் பிறகு. பெயர் மாறும்வரை நம்பர் இருக்கும் இடத்தில் பிரஷைக் கொண்டுபோகாதீர்கள். பிழை நடந்தால் உளியை எடுக்காதீர்கள், பேனாவை எடுங்கள்.

எனக்கு மட்டும் உரிய பாடம் வேறொன்று. கோயிலில் இறைவனின் திருமேனிக்குச் சாத்திய சந்தனத்தை அப்படியே விட்டு, அதன் மேல் மறுநாள் சந்தனம் சாத்துவதில்லை. பழையதைக் களைந்து, நீராட்டி, திருமேனியைக் கண்ட பிறகே புதியது சாத்துவார்கள். நிர்மாலியம் களைவது பூசையின் முதற்படி. அன்றாடம் கோயிலுக்குப் போய் அதைக் கண்ணால் கண்டவன் நான். பட்டறையில் மட்டும், துடைத்தால் அமங்கலம் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு இருபத்திரண்டு ஆண்டுகள் மேலே மேலே பூசினேன். அடியில் இருந்ததை ஒருமுறையும் கண்டதில்லை.

அவ்வாண்டு ஆயுத பூசைக்குக் குணசேகரன் காடியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். என்னையும் அழைத்திருந்தார்கள். பானட்டைத் திறந்தேன். மெருகேற்றிய இடத்தில் மெல்லிய எண்ணெய் பூசி வைத்திருந்தார். நம்பர் முழுதும் தெரிந்தது. வேண்டுமென்றே அதைப் படித்துக் காட்டச் சொல்லி வம்பு செய்தார், படித்தேன்.

சந்தனத்தை முன்கண்ணாடியின் மூலையில் வைத்தேன். மறுநாள் காலையில் துடைத்துவிடச் சொன்னேன்.

"இதுக்கு என்னா செய்யணும்ணே?" என்று அரிந்த எலுமிச்சை மூடி இரண்டையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

வாங்கி, முன் சக்கரங்களின் கீழே சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தேன். "ஏத்துங்க," என்றேன். எட்டு சிலிண்டரும் பேசின. காடி மெல்ல நகர்ந்து அவற்றை நசுக்கியது.